தார் ரோட்டில் காய்ந்த பாதி

என் ராசா,

இந்தக் கவரை நான் வேண்டுமென்றேதான் ஒட்டாமல் அனுப்புகிறேன். உன் அப்பா கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன். கோயம்புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து அவர் படித்தாலும் சரி, உன் அறையில் இருக்கிற பிள்ளைகள் படித்தாலும் சரி, உனக்கு வழிகாட்டும் அந்தப் பேராசிரியை படித்தால் இன்னும் நல்லது. எட்டு வருஷமாக உன்னிடம் மூடி வைத்த ஒன்றை இதில் எழுதுகிறேன். எழுதிவிட்டுத் திரும்பவும் ஒட்டி மூட மனம் வரவில்லை. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வுக்குப் போய் நிற்பதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். நான் புதன்கிழமை வந்து சேருகிறேன். சேர்ந்தே கிளம்பலாமே என்று அப்பா கேட்டார். நீ இதைப் படிக்கும்போது எதிரில் நான் இருக்க வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பிந்தி வருகிறேன். ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வாங்கியவள், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லக் காகிதம் தேடி உட்கார்ந்திருக்கிறேன் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போனில் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். வெயிலும் வறட்சியும் தாக்கும்போது சோளப் பயிரின் செல்கள் தங்களைக் காத்துக்கொள்ள என்னென்ன புரதங்களைச் செய்துகொள்கின்றன என்பதுதான் உன் இத்தனை வருஷப் பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் புத்தகம் நம் புஞ்சையில் தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘சங்கரன்கோவில் பக்கம் எங்கள் கரிசல் புஞ்சையில் ஒரே விதையை ஒரே நாளில் விதைத்தோம். ஒரு மழை பெய்து, பிறகு வானம் காய்ந்தது. தெற்குப் பாதி நின்றது, வடக்குப் பாதி போனது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்தது’ என்று படித்தாய். நான் ‘உம்’ கொட்டுவதை நிறுத்திவிட்டேன். “என்னம்மா, அழுவுதியா?” என்று கேட்டாய். நான் அழவில்லை ராசா. ஆட்டைத் திருடினவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன். வடக்குப் பாதி ஏன் போனது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் புரட்டாசியை நினைத்துப் பார். நீ விவசாயக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். லீவுக்கு வந்தவன், விதையைக் கடினப்படுத்துதல் என்று ஒரு பாடத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். மழையை எதிர்பார்த்து முன்கூட்டியே புழுதியில் விதைக்கிற நம்மைப் போன்ற ஆட்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது என்று சாப்பிடக்கூட உட்காராமல் பேசினாய். சாயங்காலம் சோளத்தை ஊறப் போடு, காலையில் வடி, நிழலில் பரப்பிப் பழையபடி காயவை, பிறகு விதை. இவ்வளவுதான் செய்முறை.

“ஊறுனா வெத முழிச்சிரும்மா. முழிச்சதும் தண்ணிய வடிச்சி, நெழல்ல காய வச்சி மறுபடியும் தூங்க வைக்கணும். பொறவு மண்ணுல வெயிலு தாக்குனாலும் அதுக்குப் பழகிப் போயிருக்கும்.”

“தூங்குதவள எழுப்பி விட்டுட்டுத் திரும்பத் தூங்குன்னு சொன்னா எவ தூங்குவா?” என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. “வெயில்ல மட்டும் போட்றாத. சொல்லிட்டேன்” என்று மூன்று தரம் சொன்னாய். மூன்றாம் தரம் விரலை வேறு ஆட்டினாய்.

ஐந்து ஏக்கர் விதை. பாதியை நம் வீட்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழே பரப்பினோம். கால் வைக்க இடமில்லாமல் மீதிப் பாதியைப் பின்பக்கத் தகரச் சார்ப்பில் சாக்கு விரித்துப் போட்டோம். இரண்டாம் நாள் நீ கோவில்பட்டியில் நண்பனைப் பார்க்கப் போய்விட்டாய். ஹாலில் இருந்தது காய்ந்துவிட்டது. சார்ப்பில் காற்றே இல்லை, விதை பிசுபிசுவென்று இருந்தது. மறுநாள் விடிந்ததும் டிராக்டர் வருகிறது. அந்த டிராக்டரை விட்டால் குருவிகுளம் வரைக்கும் உழவுக்குப் போய்விட்டு அது திரும்பி வரப் பத்து நாள் ஆகும். நான் வாசலைப் பார்த்தேன். திருவேங்கடம் போகிற தார் ரோடு பளபளவென்று கிடந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நம் வீட்டுச் சோளமும் உளுந்தும் மல்லியும் அந்த ரோட்டில்தான் காய்ந்திருக்கின்றன. டவுன் பஸ் அதன் மேலேயே ஏறி இறங்கிப் போகும். ஒரு குறையும் வந்ததில்லை. நேற்றுப் படித்த பயல் சொல்கிறான் என்று ரோட்டைச் சந்தேகப்படலாமா? சார்ப்பில் கிடந்ததை அள்ளிக்கொண்டு போய்ப் பரப்பிவிட்டேன். புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்று மணிக்கெல்லாம் கலகலவென்று காய்ந்துவிட்டது. நீ திரும்பி வருவதற்குள் வாரி மூட்டையில் கட்டி வைத்துவிட்டுக் காப்பி போட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நீ மூட்டையைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, “ரெண்டும் நெழல்லதானம்மா காஞ்சிச்சி?” என்று கேட்டாய். “ஆமா, பொறவு?” என்றேன். வேறென்ன செய்வேன், இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று நம் ஊரில் ஒரு சொல்லில் அடக்குவோமே, அந்தப் பொறவு. பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. எங்கே காய்ந்தால் என்ன, காய்ந்ததுதானே கணக்கு என்று இருந்தேன்.

ஹால் விதை தெற்கே போனது, ரோட்டு விதை வடக்கே போனது. ஐப்பசி முதல் மழையில் தெற்கே கோடு போட்டாற்போல முளைத்தது. வடக்கே சொட்டையும் சொள்ளையுமாக வந்தது. பிறகு மழை மறந்துபோய்ப் பதினெட்டு நாள் காய்ந்ததே, அதில் தெற்கு வாடி வாடி நிமிர்ந்தது. வடக்கே முளைத்த கொஞ்சமும் கருகிப் போயிற்று. மேற்குப் புஞ்சை அண்ணாச்சி வரப்பில் நின்று, “என்ன தங்கச்சி, ஒம் மவன் ஊற வச்சி வளத்த வெத பாதி படுத்துட்டு போல? நாங்கள்லாம் சும்மா வெதச்சோம், முக்காவாசி நிக்கி” என்று சொன்னார். அடுத்த லீவுக்கு வந்திருந்த நீ வடக்கே குனிந்து மண்ணை அள்ளிப் பையில் கட்டினாய். அந்த மண்ணோடு நீ பஸ் ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. தட்டியதும் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டேன், ஏனென்றால் மூன்று தரம் விரலை ஆட்டிச் சொன்னவன் நீ.

அடுத்த வருஷமும் மண் கேட்டாய். அதற்கு அடுத்த வருஷமும் கேட்டாய். வடக்கு மண்ணில் உப்பு இருக்கிறதா, சரளை இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று இரண்டு வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டாய். நானே அள்ளி, நானே கட்டி, நானே பார்சல் போட்டு அனுப்பினேன். இதைவிட வெட்கக்கேடு ஒரு தாய்க்கு உண்டா? மண்ணில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்த பிறகுதான் நீ விதைக்குள் பார்க்கத் தொடங்கினாய். மேல்படிப்புக்குக் கோயம்புத்தூர் போனாய். இங்கே நான் ஊறப்போட்டு விதைக்கிற பேச்சையே எடுக்கவிடவில்லை. ‘அதெல்லாம் நம்ம மண்ணுக்கு ஆவாது’ என்று அண்ணாச்சியோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன். என் பொய்யைக் காப்பாற்ற உன் படிப்பைக் காட்டிக்கொடுத்தேன் என்பதுதான் உண்மை.

ஒரு தைப்பொங்கல் லீவில் அடுப்படியில் உட்கார்ந்து நீ எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாய், நினைவிருக்கிறதா? நான் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

“செல்லுக்குள்ள இருக்க புரதம் ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி மடிஞ்சி இருக்கும்மா. அந்த மடிப்பு இருந்தாத்தான் அது வேலை செய்யும். சூடு ஏறுனா மடிப்பு கொலைஞ்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். இந்தா, முட்டை வெந்து வெள்ளையாயிட்டுல்லா, அது மாதிரி.”

“வெந்த முட்டை திரும்பப் பச்சையாவாதுலே.”

“ஆவாது. அதுக்கு முன்னாடியே தாங்கிப் பிடிச்சி மடிச்சி விட ஆளு வேணும். அந்த ஆளுகதான் வெப்ப அதிர்ச்சிப் புரதம்.”

கரண்டுக் கம்பியைத் தொட்டாற்போல என்ன பேர் இது என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் புரிந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அடுப்பில் கொதிப்பது கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு வீட்டில் எல்லாரும் காயப் போட்டதை அள்ள ஓடுவோமே, செல்லும் அப்படித்தான் மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு இந்தப் புரதங்களைச் செய்யும் என்றாய். பிறகு நீ சொன்னதுதான் என்னைக் குத்தியது. “அதச் செய்யதுக்கு நேரம் வேணும்மா. மொதல்ல கொஞ்சம் கஷ்டம், பொறவு ஓய்வு. ஓய்வு கெடச்சா அடுத்த வெயிலுக்கு ஆளு தயாரா நிக்கும். ஒரேயடியா கொதிக்கிற எடத்துல கொண்டு போட்டா ஒண்ணும் செய்ய முடியாது. அதுவும் ஈர வெத முழிச்சிக்கிட்டு இருக்கு. காஞ்ச வெதைக்கி ஒறைக்காத சூடு அதுக்கு ஒறைக்கும்.” முட்டையை உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ரோட்டில் இத்தனை வருஷம் காய்ந்ததெல்லாம் தூங்கின தானியம். அன்றைக்கு நான் போட்டதுதான் முழித்த விதை. கை சுட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது இரண்டாவது பொய்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நீ மார்க்கு வாங்கின கையோடு, பத்து நாள்கூட வீட்டில் இருக்கவிடாமல், டாக்டர் சீட்டுக்காக உன்னை ஒரு கோச்சிங் விடுதியில் கொண்டுபோய் விட்டேன். ஆடித்தபசுக்கு வரட்டுமா என்று கேட்டாய், வேண்டாம் என்றேன். தீபாவளிக்கு வரட்டுமா என்றாய், அடுத்த தீபாவளிக்கு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையாக வா என்றேன். வெயிலில் காய்ந்தால்தான் வைரம் பாயும் என்று எல்லாரிடமும் வீரம் பேசினேன். காய்ச்சலோடு திரும்பி வந்தாய். பரீட்சையும் போயிற்று, பேச்சும் போயிற்று. இரண்டு மாதம் ஹாலில் அதே மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருந்தாய். வளர்ந்த பிள்ளை சும்மா கிடக்கிறானே என்று நான் கரித்துக்கொட்டினேன். உன் அப்பாதான், தறிப் பட்டறையில் இருந்து வந்ததும் ஒன்றும் பேசாமல் உனக்குப் பக்கத்தில் படுத்து ரேடியோ கேட்பார். எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு நீயேதான் விவசாயம் படிக்கப் போகிறேன் என்றாய். அந்த இரண்டு மாதத்தில் உனக்குள் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. முழித்த பிள்ளையைத் தார் ரோட்டில் போட்டவள் நான். என்னை மன்னித்துக்கொள்.

அழுகை போதும். இனி நான் கொக்கரிக்கப் போகிறேன், பொறுமையாகக் கேள். போன புரட்டாசியில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. விளைச்சல் பரவாயில்லை என்று மட்டும் போனில் சொன்னேன். நடந்தது என்னவென்றால், ஐந்து ஏக்கர் விதையையும் ஊறப் போட்டேன். நீ சொன்ன அளவு, நீ சொன்ன நேரம். ஹாலில் இருந்த கட்டில், பீரோ, தொலைக்காட்சி எல்லாம் வெளியே போயிற்று. ஹாலில் பாதி, இரண்டு அறையிலும் மீதி. என் கல்யாணப் பட்டைத் தவிர வீட்டில் இருந்த சேலை பூராவும் விதைக்குக் கீழே விரிந்தது. உன் அப்பா மூன்று நாள் பட்டறையிலேயே படுத்துக்கொண்டார். உன் ஜாதகம் கேட்டு வந்த கல்யாணத் தரகரை வாசலிலேயே நிறுத்தி, “உள்ள வெத தூங்குது, சத்தம் போடாதிய” என்று அனுப்பிவிட்டேன். அவர் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் நீ என்னைக் கோபிக்காதே.

இந்தத் தடவை வடக்குப் பாதி முழுக்க நிழல் விதையைப் போட்டேன், நீ இரண்டு வருஷம் சந்தேகப்பட்ட அதே மண்ணில். தெற்கேயும் நிழல் விதைதான். ஆனால் தெற்கே நட்டநடுவில், நல்ல மண்ணில், இரண்டே இரண்டு உழவுசால் மட்டும் என் கையால் வேறு விதை போட்டேன். ஒரு படி ஊறின சோளத்தை அள்ளிக்கொண்டு போய், அதே ரோட்டில், அதே உச்சி வெயிலில் காயவைத்து எடுத்தது. செய்த குற்றத்தைத் திரும்பச் செய்து பார்த்தால்தானே குற்றம் இதுதான் என்று உறுதியாகும்? இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உன் புத்தகத்தில் இதற்கு ஏதாவது பெரிய பேர் இருந்தால் எனக்கு எழுது.

மழை வந்தது, போனது. இருபத்திரண்டு நாள் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. பனவடலிசத்திரம் போகிற வழியெல்லாம் பயிர் சுருண்டு கிடந்தது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நான் தினமும் காலையில் புஞ்சைக்குப் போய் வடக்கு வரப்பில் நின்றேன். பதினைந்தாம் நாள் இலை சுருண்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் விரிந்திருந்தது. இருபதாம் நாள் சுருண்டது, மறுநாள் காலையில் விரிந்திருந்தது. மழை திரும்பி வந்தபோது வடக்கு முழுக்க நின்றது ராசா! தெற்கு முழுக்க நின்றது. நடுவே அந்த இரண்டு சால் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஈர மண்ணில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தேன். தன் பயிர் செத்ததைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்ட பைத்தியக்காரி இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்திதான்.

அண்ணாச்சி வந்தார். வரப்பில் நின்று வடக்கைப் பார்த்தார், தெற்கைப் பார்த்தார், அந்த இரண்டு சால்களையும் பார்த்தார். “இது மட்டும் ஏன் தங்கச்சி இப்பிடி?” என்று கேட்டார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துத்தான். அவர் குனிந்து அந்தச் சாலில் கருகிக் கிடந்த ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு, “அப்பம் அந்தப் பய அன்னைக்கே சரியாத்தான் சொல்லியிருக்கான். நாமதான் கெடுத்துருக்கோம்” என்றார். நீதான் கெடுத்தாய் என்று சொல்லாமல் நாமதான் என்றாரே, அந்த மனுஷனை இத்தனை நாள் திட்டினதற்காக வருத்தப்பட்டேன். வருகிற புரட்டாசிக்குத் தன் வீட்டு ஹாலைக் காலி செய்யப் போகிறாராம். மருமகளிடம் சொல்ல மட்டும் பயமாக இருக்கிறதாம். நம் தெருவில் இன்னும் நாலு வீட்டில் இந்தப் பேச்சுதான் ஓடுகிறது. ரோட்டைக் காட்டி, “ஈர வெதைய அங்கன போட்றாதிய” என்று நான் இப்போது எல்லாருக்கும் விரலை ஆட்டுகிறேன்.

வியாழக்கிழமைக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். முந்தின நாள் உட்கார்ந்து படிக்காதே. நன்றாகச் சாப்பிட்டுப் படுத்துவிடு. படித்ததெல்லாம் உள்ளே இருக்கிறது, அதை இருக்கவிடு. நாளைக்கு உன்னிடமும் பிள்ளைகள் படிக்க வருவார்கள், உனக்கே ஒரு பிள்ளை பிறக்கும். கஷ்டத்தை யாரும் அவர்களுக்குத் தேடிக் கொடுக்க வேண்டாம், அது தானாகவே வரும். வந்துவிட்டுப் போனதும் படுத்துக் கிடந்தால், கிடக்க விடு. உன் அப்பாவைப் போலப் பக்கத்தில் ரேடியோ வைத்துக்கொண்டு படு. இது எனக்குத் தெரியாமல் போன வித்தை. உனக்குத் தெரியட்டும்.

என் பையில் இரண்டு கட்டு வரும். ஒன்று வடக்குப் பாதியில் அறுத்த கதிர். முழங்கை நீளம், என் கைக்குள் அடங்காது. இன்னொன்று அந்த இரண்டு சாலில் மிஞ்சினது, உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும். தேர்வு நடக்கிற அறைக்குள் சோளத்தட்டையோடு விடமாட்டார்கள் என்று உன் அப்பா சொல்கிறார். அதையும் பார்க்கலாம்.

முதல் பக்கத்தை மாற்றாதே. ‘ஏன் என்று தெரியவில்லை’ என்று நீ எழுதியது எழுதியபடியே இருக்கட்டும், நீ எழுதினபோது அதுதான் உண்மை. வந்திருக்கும் பெரியவர்கள் யாராவது வடக்குப் பாதி ஏன் போனது, இப்போதாவது தெரிந்ததா என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். நீ தயங்காதே. காரணம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிக் கையைக் காட்டு. நான் இரண்டு கட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பேன். “நீங்கள்தானா அம்மா அது?” என்று அவர்கள் கேட்டால், அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொல்வேன்: “ஆமா, பொறவு?”

இந்தத் தடவை அது உண்மை.

உன் அம்மா